பைலட் டோர் சிவப்பு காட்டினால்: கப்பலின் பக்கக் கதவுக் கோளாறுகள், அறிகுறி வாரியாக

துறைமுகத்தில் வழி காட்ட ஏறிய பைலட் இறங்கிப் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். கப்பல் வேகம் எடுக்கத் தொடங்கும். சரியாக அந்த நேரம் பார்த்து என்ஜின் கன்ட்ரோல் ரூமில் போன் அடிக்கும். "ஸ்டார்போர்டு பைலட் டோர், ரெட் காட்டுது." (ஸ்டார்போர்டு என்றால் கப்பலின் வலப்பக்கம்.) பயணிகள் கப்பல்களில் வேலை பார்த்த வருடங்களில் இந்த ஒரு போனை மட்டும் எத்தனை தடவை எடுத்திருப்பேன் என்று கணக்கே இல்லை. அநேகமாக எல்லாத் தடவையும் உப்புப் படிந்த சென்சார்தான். தொல்லையே அதில்தான் இருக்கிறது. அடுத்த தடவையும் சென்சார்தான் என்று நினைத்துக்கொண்டு, கையில் இருக்கும் காபியை முடித்துவிட்டுப் போகலாம் என்று தோன்றும்.

கதவு என்று இங்கே சொல்வது கப்பலின் வெளித்தகட்டில் இருக்கும் ஷெல் டோர்களை: பைலட் ஏறி இறங்கும் கதவு, எண்ணெய் ஏற்றும் பங்கர் கதவு, காய்கறியும் பயணிகளின் பெட்டிகளும் வரும் லோடிங் கதவு, சிறு படகில் பயணிகளை இறக்கும் டெண்டர் கதவு. கப்பலுக்குள் தடுப்புச் சுவர்களில் இருக்கும் சறுக்குக் கதவுகள் வேறு. அவற்றை வாட்டர்டைட் டோர் என்று பெயர் சொல்லியே எழுதுகிறேன். புதிதாகச் சேர்ந்த ஜூனியர் இன்ஜினியர், எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதியது இது. உங்கள் கப்பலின் மேனுவலும், தண்ணீர் புகுந்தால் என்ன செய்வது என்று சொல்லும் டேமேஜ் கன்ட்ரோல் பிளானும் இதற்கு மேல்; அவை வேறு சொன்னால் அவை சொல்வதுதான் சரி.

## எந்த அறிகுறியாக இருந்தாலும், கைவைக்கும் முன்

முதலில் கப்பலை ஓட்டும் இடமான பிரிட்ஜுக்குச் சொல்லுங்கள், அல்லது பிரிட்ஜ் சொன்னதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்யுங்கள். எந்தக் கதவு, எந்தப் பக்கம், எந்த டெக். போர்ட் (இடது) பக்கக் கதவு என்று நினைத்து ஸ்டார்போர்டு கதவின் முன்னால் ஐந்து நிமிடம் நின்று தேடிய ஆளை எனக்குத் தெரியும். நான்தான் அது.

அப்புறம், ஷெல் டோர் இருக்கும் அறைக்கு உள்பக்கம் பெரும்பாலும் இன்னொரு நீர்ப்புகாக் கதவு இருக்கும். நீங்கள் உள்ளே போவதற்கு முன்னால் அந்தக் கதவு மூடும் நிலையில் இருக்கிறதா, அதன் குறுக்கே தள்ளுவண்டியோ, ஹோஸோ, பெயின்ட் டிரம்மோ இருக்கிறதா என்று பாருங்கள். இந்த உள்கதவுதான் உங்கள் உண்மையான காப்பு. வெளிக்கதவைச் சரிசெய்ய நேரம் வாங்கித் தருவது அதுதான்.

தனியாகப் போகாதீர்கள். ஒருவர் உள்ளே, ஒருவர் வாக்கிடாக்கியோடு உள்கதவுக்கு வெளியே. காற்று எந்தப் பக்கம் என்று பிரிட்ஜிடம் கேளுங்கள். கோளாறான பக்கத்தை அலை அடிக்காத பக்கமாகத் திருப்பவும் வேகத்தைக் குறைக்கவும் கேப்டனால் முடியும். நீங்கள் ஸ்பேனரால் அரை மணி நேரத்தில் செய்வதைவிட அந்தத் திருப்பம் இரண்டு நிமிடத்தில் அதிகம் செய்துவிடும்.

கடைசியாக ஒன்று. "ஒரு தடவை திறந்து மூடிப் பார்க்கலாம்" என்று யார் சொன்னாலும் கடலில் அதைச் செய்யாதீர்கள். மூடியிருக்கும் கதவு திரும்ப மூடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கேப்டன் சொல்லாமல் அந்தப் பட்டனில் கை போகவே கூடாது.

## அறிகுறி 1: விளக்கு சிவப்பு, கதவு பார்வைக்கு மூடியிருக்கிறது

நான் இருந்த கப்பல்களில் பச்சை என்றால் மூடிப் பூட்டியாயிற்று. சிவப்பு என்றால் ஏதோ ஒன்று சேரவில்லை. பிரிட்ஜின் விளக்குப் பலகையில் 'மூடியது' என்பதற்கும் 'பூட்டியது' என்பதற்கும் தனித்தனி விளக்கு இருந்தால் எது போயிருக்கிறது என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

முதலில் கதவை நம்பாமல் பாருங்கள். டார்ச்சை அடித்து, கதவைச் சட்டத்தோடு இறுக்கிப் பிடிக்கும் கிளீட்டுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். லாக்கிங் பின் முழுதாக உள்ளே போயிருக்கிறதா? பல கதவுகளில் பின்னின் தண்டில் பெயின்ட் கோடு இருக்கும். அந்தக் கோடு மறைந்திருக்க வேண்டும். கோடு இல்லாத கதவுக்கு அடுத்த துறைமுகத்தில் நீங்களே ஒன்று போட்டு வையுங்கள். விளக்கு கொடுக்காத நிம்மதியை அந்தக் கோடு கொடுக்கும். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே இடைவெளி சுற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பாருங்கள்.

ஒரு பின் பாதியில் நின்றிருந்தால் இது சென்சார் கோளாறு இல்லை. நேராக அறிகுறி 4-க்குப் போங்கள்.

எல்லாப் பின்னும் உள்ளே போயிருக்கிறது என்றால், செலவு குறைந்ததிலிருந்து தொடங்கலாம்.

சென்சார் முகத்தில் உப்பு, கிரீஸ், பெயின்ட். துணியால் துடையுங்கள். டெக் பையன்கள் பெயின்ட் அடித்த வாரம் இந்தக் கோளாறு அதிகம் வரும்.

இடைவெளி கூடிவிட்டது. இரும்பு பக்கத்தில் வந்தால் உணரும் ப்ராக்ஸிமிட்டி சென்சாரின் பார்வை சில மில்லிமீட்டர்தான். அதைத் தாங்கும் பிராக்கெட்டில் யாராவது காலை வைத்து ஏறியிருந்தால் போதும், வளைந்துவிடும். சென்சாரின் வால் பக்கம் சின்ன விளக்கு ஒன்று இருக்கும். ஸ்பேனரின் இரும்பைச் சென்சார் முகத்துக்கு எதிரே காட்டுங்கள். விளக்கு எரிந்தால் சென்சார் உயிரோடு இருக்கிறது. பிராக்கெட்டைச் சரிசெய்தால் போதும். எரியவில்லை என்றால் மின்சாரம் வருகிறதா என்று மீட்டரை வைத்துப் பாருங்கள். (ஸ்பேனர் காட்டிய நேரத்தில் பிரிட்ஜில் பச்சை வரும். இது சோதனைதான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அவர்கள் "சரியாயிடுச்சு" என்று லாக்புக்கில் எழுதிவிடுவார்கள்.)

ஜங்ஷன் பாக்ஸில் தண்ணீர். மூடியைத் திறந்தால் பச்சை பூத்த டெர்மினல்கள். கதவோரம் இருக்கும் எந்த பாக்ஸுக்கும் கேபிள் கீழ்ப்பக்கமாக நுழைய வேண்டும். மேலிருந்து நுழைந்தால் கேபிளே தண்ணீரை உள்ளே கூட்டி வந்துவிடும்.

கேபிள் அறுந்தது, அல்லது பலகையில் உள்ள கார்டு போனது. இது எலக்ட்ரீஷியன் வேலை. கார்டு ஸ்பேர் இல்லை என்றால் கம்பெனிக்கு எழுத வேண்டும். அதுவரை ஒவ்வொரு வாட்சிலும் (பணிமுறையிலும்) ஆள் போய்க் கதவைப் பார்த்து, பார்த்த நேரத்தை எழுத வேண்டும்.

எந்தக் காரணமாக இருந்தாலும் சென்சாரை ஷார்ட் செய்து பச்சை வரவைக்காதீர்கள். சென்சார் போனால் சிவப்பு வர வேண்டும் என்றுதான் அந்தச் சர்க்யூட்டே போடப்பட்டிருக்கிறது. ஏன் என்பது அடுத்த அறிகுறியில்.

## அறிகுறி 2: விளக்கு பச்சை, ஆனால் கதவோரம் சத்தம், ஈரம், வெளிச்சம்

முன்னதைவிட இது மோசம். சிவப்பு எரிந்தால் யாராவது போய்ப் பார்ப்பார்கள். பச்சை எரிந்தால் யாரும் போகமாட்டார்கள்.

1994 செப்டம்பர் 28, பால்டிக் கடலில் எஸ்டோனியா மூழ்கியது. 852 பேர் இறந்தார்கள். அது கார் ஏற்றும் ஃபெர்ரி, உல்லாசப் பயணக் கப்பல் இல்லை. ஆனால் பாடம் ஒன்றுதான். முகப்பில் இருந்த வைசர் என்னும் பெரிய மூடியின் பூட்டுகள் அலை அடியில் உடைந்தன. பிரிட்ஜில் நின்று பார்த்தால் அந்த முகப்பு கண்ணுக்கே தெரியாது. விளக்கோ பூட்டின் பின் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் காட்டியதே தவிர, வைசர் இருக்கிறதா இல்லையா என்பதைக் காட்டவில்லை. ஏதோ இரும்பு முட்டுகிற சத்தம் கேட்டதாகத் தப்பித்தவர்கள் பிறகு சொன்னார்கள்.

ஆகவே சத்தம் கேட்டதாக யார் சொன்னாலும், கேபின் சுத்தம் செய்யும் பையனே சொன்னாலும், போய்ப் பாருங்கள்.

கதவோரம் போனதும் டார்ச்சை அணைத்துவிட்டுப் பகல் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். இரவானால் சட்டத்தின் ஓரமாக உள்ளங்கையை ஓட்டுங்கள், காற்று தெரியும். அலை மோதும்போது 'டக்' என்றும் விலகும்போது இன்னொரு 'டக்' என்றும் கேட்டால் கதவு சட்டத்துக்குள் ஆடுகிறது என்று அர்த்தம். கிளீட் தேய்ந்திருக்கலாம், அல்லது அதன் எதிர்த்தகடு தளர்ந்திருக்கலாம். ஒரு கையைக் கதவிலும் இன்னொரு கையைச் சட்டத்திலும் வைத்து நில்லுங்கள். இரண்டும் ஒன்றாக அதிர்ந்தால் சரி. கதவு தனியாக அதிர்ந்தால் சீஃப் இன்ஜினியரை எழுப்புங்கள்.

சென்சார் பக்கம் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: முன்னால் இருந்த யாராவது காந்தமோ இரும்புத் துண்டோ டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறார்களா? பாக்ஸுக்குள் இரண்டு டெர்மினலுக்கு நடுவே ஒரு குட்டி ஒயர் ஓடுகிறதா? கான்ட்ராக்ட் முடிந்து வீட்டுக்குப் போனவர் விட்டுச் சென்ற 'தற்காலிக ஏற்பாடு' அது. எடுத்துவிட்டு, சிவப்பு வரட்டும் என்று விட்டுவிட்டு, எழுத்தில் சொல்லுங்கள்.

## அறிகுறி 3: கதவோரம் தண்ணீர் கசிகிறது

முதலில், அது கடல் தண்ணீர்தானா? இதில் எல்லோரும் ஒரு தடவையாவது ஏமாந்திருப்போம். ஏசி குழாயின் வியர்வை, தீயணைப்பு லைன் கசிவு, மேல் டெக்கின் ஸ்கப்பர் (தண்ணீர் வடியும் வழி) அடைப்பு என்று எல்லாத் தண்ணீரும் கடைசியில் கதவோரம்தான் வந்து நிற்கும். நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள், டாய்லெட் லைனாகவும் இருக்கலாம். தண்ணீர் சோதிக்கும் கிட்டில் சில்வர் நைட்ரேட் இருக்கும். சிறு பாட்டிலில் பிடித்த தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டால், கடல் தண்ணீர் என்றால் பால் ஊற்றியது போலக் கெட்டியாக வெளுக்கும். குழாய்த் தண்ணீர் லேசாக மங்கலாகும், அவ்வளவுதான். ஒரு தம்ளர் குடிதண்ணீரைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் சந்தேகமே வராது.

கடல் தண்ணீர்தான் என்றால், எங்கே கசிகிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும்.

கீழ் ஓரத்தில் மட்டும். குப்பை. கயிற்று நார், அட்டைப்பெட்டித் துண்டு, பெயின்ட் செதில். ஒருமுறை லோடிங் கதவின் கீழே விடாமல் கசிந்தது. புது ரப்பர் கேட்டு நான் எழுதத் தொடங்கிவிட்டேன். எங்கள் ஃபிட்டர் தூத்துக்குடிக்காரர், என்னைவிட இருபது வயது மூத்தவர். குனிந்து ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "சார், ரப்பர் மேல தப்பு இல்ல. உள்ள ஏதோ கெடக்கு," என்றார். "துறைமுகத்துல தொறந்து பாத்துருவோமா அண்ணாச்சி?" என்றேன். மறுநாள் காலை திறந்தோம். உருளைக்கிழங்கு மூட்டையின் சணல் நூல், சுண்டுவிரல் நீளம், ரப்பரை அழுத்தும் இரும்புப் பட்டையான காம்ப்ரஷன் பாருக்கும் ரப்பருக்கும் நடுவே குறுக்காகக் கிடந்தது. அண்ணாச்சி அதை எடுத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஒன்றும் சொல்லவில்லை.

கீழ் ஓரத்தில் வடிகால் துளையும் இருக்கும். அது அடைத்துக்கொண்டால் ரப்பரைத் தாண்டிய ஒரு கைப்பிடித் தண்ணீர்கூட வெளியே போக வழியில்லாமல் உள்ளே எட்டிப் பார்க்கும். கம்பியை விட்டுக் குத்தினால் முடிந்தது.

மூலையில் மட்டும். ரப்பரின் ஒட்டு மூலையில் விழுந்திருக்கும். ஒட்டு நேர்ப்பகுதியில் வர வேண்டும். மூலைக்கு வார்த்த துண்டே வாங்க வேண்டும். மூலையில் சிலிகான் பூசி அடைப்பதை நிறையப் பேர் செய்கிறார்கள். இரண்டு வாரம் தாங்கும். அப்புறம் அந்தச் சிலிகானைச் சுரண்டி எடுக்க இரண்டு நாள் ஆகும்.

ஒரு பக்கம் முழுக்க. கிளீட்டுகள் ஒரே அளவுக்கு இறுகவில்லை. கசியும் பக்கத்தை மட்டும் முறுக்கினால் எதிர்ப்பக்கம் எழும்பும். எதிரெதிராக, அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்குங்கள். கடலில் கையால் இறுக்கும் கிளீட்டுகளை மட்டும் தொடுங்கள். ஹைட்ராலிக் கிளீட்டின் அளவை மாற்றுவது துறைமுக வேலை.

சுற்றிலும். ரப்பருக்கு வயதாகிவிட்டது. அழுத்தினால் திரும்ப எழும்பாமல், காம்ப்ரஷன் பார் பதிந்த பள்ளம் அப்படியே நிற்கும். ரப்பர் மேல் பெயின்ட் அடித்திருந்தால் சீக்கிரமே இந்த நிலை வரும். முழு நீளமும் மாற்ற வேண்டும், ஒட்டுப்போட்டுப் பயனில்லை.

புது ரப்பர் போட்டும் கசிகிறது. காம்ப்ரஷன் பார் துருவில் அரித்திருக்கும், அல்லது சட்டமே வளைந்திருக்கும். துறைமுகச் சுவரில் ஃபெண்டர் (மோதல் தாங்கி) இல்லாமல் உரசிய கப்பலில் இது சகஜம். சட்டம் வளைந்தது என்று சந்தேகம் வந்த உடனே அது உங்கள் வேலை இல்லை. கப்பலுக்குத் தரச்சான்று தரும் கிளாஸ் நிறுவனத்தின் சர்வேயர் வர வேண்டும், அளவெடுக்க வேண்டும், வெல்டிங் தண்ணீர் வடித்த டிரை டாக்கில்தான்.

துறைமுகத்தில் செய்யும் சோதனைகள் இரண்டு. காம்ப்ரஷன் பாரின் விளிம்பில் சாக்பீஸைத் தேய்த்து, கதவை மூடிப் பூட்டி, திரும்பத் திறந்தால் ரப்பரில் வெள்ளைக் கோடு விடாமல் விழ வேண்டும். கோடு அறுந்த இடம்தான் குற்றவாளி. கோடு விழுந்ததனாலேயே தண்ணீர் புகாது என்று சொல்லிவிட முடியாது. தொடுகிறது என்பதற்குத்தான் அது சாட்சி, எவ்வளவு அழுத்துகிறது என்பதற்கு இல்லை. அதற்கு ஹோஸ் டெஸ்ட்: 12.5 மில்லிமீட்டருக்குக் குறையாத நாஸில், 2 பாருக்குக் குறையாத அழுத்தம், 1.5 மீட்டருக்கு மேல் போகாத தூரம். வெளியே படகில் நின்று ஒருவர் அடிக்க, உள்ளே ஒருவர் டார்ச்சும் காய்ந்த துணியுமாக. அவசரமாக ஓட்டிக்கொண்டு போனால் ஹோஸ் டெஸ்டும் பொய் சொல்லும். ஒவ்வொரு மூலையிலும் நின்று அடிக்கச் சொல்லுங்கள்.

## அறிகுறி 4: கதவு மூட மறுக்கிறது, அல்லது பாதியில் நிற்கிறது

பைலட் இறங்கிய பின் பைலட் டோரில் வந்தால் கடலில். மற்றக் கதவுகளில் வந்தால் கிளம்பும் நேரத்தில். இரண்டாவது ரகத்துக்குப் பதில் எளிது: கப்பல் கிளம்பாது. 1987 மார்ச் 6 அன்று பெல்ஜியத்தின் ஸீப்ரூஹ துறைமுகத்திலிருந்து ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ் ஃபெர்ரி முகப்புக் கதவு திறந்தபடியே புறப்பட்டது. மூட வேண்டியவர் கேபினில் தூங்கிக்கொண்டிருந்தார். கதவு மூடியதா என்று காட்ட பிரிட்ஜில் விளக்கு இல்லை. துறைமுகம் தாண்டிய சில நிமிடங்களில் கவிழ்ந்து 193 பேர் இறந்தார்கள். கால அட்டவணை பற்றி உங்களிடம் யாராவது குரல் உயர்த்தினால் இந்தப் பெயரை மட்டும் சொல்லுங்கள்.

கதவு நின்ற இடத்திலிருந்து சோதனையைத் தொடங்குங்கள்.

அசையவே இல்லை, மோட்டார் சத்தமும் இல்லை. எமர்ஜென்சி ஸ்டாப் அமுக்கியபடி இருக்கிறதா, பிரேக்கர் விழுந்திருக்கிறதா, பிரிட்ஜ் அனுமதிச் சுவிட்ச் 'கடல்' நிலைக்குப் போய்விட்டதா. கடைசியாகச் சொன்னதை எல்லோரும் மறப்பார்கள்.

மோட்டார் ஓடுகிறது, கதவு அசையவில்லை. கைப்பிடிக் கம்பியும் படிமேடையும் தன் இடத்தில் மடங்கி உட்காரவில்லை என்றால் இன்டர்லாக் என்னும் தடைப்பூட்டு கதவை நகர விடாது. அதைப் பாருங்கள். அப்புறம், கதவுக்கு எண்ணெய் அழுத்தம் தரும் பவர் பேக்கின் எண்ணெய் மட்டம். எண்ணெய் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அழுத்தமானி ஏறவே இல்லை என்றால், சமீபத்தில் யாராவது மோட்டாரைக் கழற்றி மாட்டினார்களா என்று கேளுங்கள். ஃபேஸ் மாறி எதிர்ப்பக்கம் சுற்றிக்கொண்டிருக்கும்.

அழுத்தம் இருக்கிறது, கதவு அசையவில்லை. மின்சாரத்தால் நகரும் சோலனாய்டு வால்வு சிக்கியிருக்கிறது. காயிலின் முனையில் சின்ன ஊசி இருக்கும். ஆலன் கீயால் அமுக்கினால் வால்வு கையால் நகரும். அமுக்கும் முன் கதவுப் பக்கம் யாரும் இல்லை என்று வாய்விட்டுக் கேட்டு உறுதி செய்யுங்கள். அமுக்கிய நொடி கதவு கிளம்பும். கதவு நகர்ந்தால் காயிலோ ஒயரோதான் கோளாறு. நகரவில்லை என்றால் வால்வுக்குள் அழுக்கு.

பாதியில் நிற்கிறது. குறுக்கே ஏதாவது இருக்கிறதா, பைலட் ஏணியின் கயிறு மாட்டியிருக்கிறதா? ஹோஸ் வெடித்திருக்கிறதா? எண்ணெய்க் கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். அந்த அழுத்தத்தில் ஊசி போல் வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். விரலையே எடுக்க வேண்டி வரும். அட்டைத் துண்டைக் காட்டித் தேடுங்கள்.

இவை எதுவும் உதவவில்லை என்றால் ஹேண்ட் பம்ப். ஆளை மாற்றி மாற்றி அடியுங்கள், அது நீண்ட வேலை. ஹேண்ட் பம்பும் போனால் செயின் பிளாக்கால் (சங்கிலிக் கப்பியால்) இழுத்து மூடி, கிளீட்டுகளைக் கையால் போட்டு, முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிளால் உள்பக்கமாகக் கட்ட வேண்டும். இதை டெக் ஆட்களின் தலைவரான போஸனும் அவர் ஆட்களும் உங்களைவிட நன்றாகச் செய்வார்கள். சீக்கிரமே கூப்பிடுங்கள். இன்ஜினியர் கௌரவம் அலைக்குத் தெரியாது.

ரிலீஃப் வால்வை முறுக்கி அழுத்தத்தைக் கூட்டுவது மட்டும் வேண்டாம். கதவு வளைந்து சிக்கியிருந்தால் கூடின அழுத்தம் ஹிஞ்சை உடைக்கும். ஹிஞ்ச் பின் வளைந்தது, சிலிண்டர் தண்டு வளைந்தது என்று தெரிந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கதவு செய்த கம்பெனியின் சர்வீஸ் ஆள் வர வேண்டும்.

## அறிகுறி 5: பூட்டிய கிளீட் மணிக்கணக்கில் மெல்லத் தளர்கிறது

காலையில் பச்சை, மதியம் சிவப்பு, பம்பை ஓட்டினால் திரும்பப் பச்சை. எண்ணெய் எங்கோ பின்வாங்குகிறது. பெரும்பாலும் பிடித்து வைக்கும் செக் வால்வு, இல்லையென்றால் சிலிண்டரின் உள் சீல். கடலில் செய்ய வேண்டியது, எந்திரப் பூட்டு, அதாவது இரும்புப் பின், தன் இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. எண்ணெய் அழுத்தம் போனாலும் கதவைப் பிடித்திருக்க வேண்டியது அந்தப் பின்தான். அது இருந்தால் துறைமுகம் வரை பொறுக்கலாம். அதுவும் நகர்கிறது என்றால் டர்ன்பக்கிள் போட்டுக் கட்டிவிட்டு கேப்டனுக்குச் சொல்லுங்கள். பம்பை ஓடவிட்டே சமாளிப்பது சமாளிப்பே இல்லை. கரன்ட் போனால் கதவும் போகும்.

## அறிகுறி 6: உள்ளே உள்ள வாட்டர்டைட் டோர் மூடவில்லை

வெளிக்கதவு கெட்ட அன்று உள்கதவும் கெட்டிருந்தால் கணக்கே மாறிவிடும். கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச சோலாஸ் விதிப்படி கப்பல் நேராக நிற்கும்போது பிரிட்ஜிலிருந்து எல்லா மின்னியக்கச் சறுக்குக் கதவுகளும் 60 நொடிக்குள் மூட வேண்டும். கையால் என்றால் 90 நொடி. ஒரு கதவு நகரத் தொடங்கி முடிக்க 20-க்குக் குறையாமலும் 40-க்கு மிகாமலும் நொடிகள் ஆக வேண்டும். தினசரிச் சோதனையில் செல்போனில் நேரம் பாருங்கள். போன மாதம் 28, இந்த மாதம் 37 என்றால் அது இன்னும் பாஸ்தான், ஆனால் ஏதோ சொல்ல வருகிறது.

மெதுவாக மூடினால்: கீழ்த் தடத்தில் அழுக்கு, பிறகு எண்ணெய் வடிகட்டி, பிறகு அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் அக்யூமுலேட்டரின் நைட்ரஜன். கடைசி அங்குலத்தில் நின்றால் பெரும்பாலும் தடத்தில் கிடக்கும் போல்ட் நட்டுதான். கரன்ட் இல்லாமலே எல்லாக் கதவுகளையும் மூன்று தடவை இயக்கும் அளவுக்கு அக்யூமுலேட்டரில் சேமிப்பு இருக்க வேண்டும். பிரேக்கரை அணைத்துவிட்டு எண்ணிப் பாருங்கள்.

இந்தக் கதவு ஆளுக்காக நிற்காது. லிஃப்ட் கதவு போல நினைத்துக் கையை நீட்டியவர்கள் கையை இழந்திருக்கிறார்கள். உயிரை விட்டவர்களும் உண்டு. தடத்தைச் சுத்தம் செய்வதென்றால் பிரேக்கரைப் பூட்டி, சேமிப்பு அழுத்தத்தை இறக்கி, பிரிட்ஜுக்குச் சொல்லிவிட்டுத்தான்.

## அறிகுறி 7: கதவு அறையில் தண்ணீர் தேங்குகிறது, பில்ஜ் (அடியில் நீர் சேரும் இடம்) அலாரம் அடிக்கிறது

சாக்பீஸை எடுத்துச் சுவரில் தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு போட்டு நேரத்தை எழுதுங்கள். ஐந்து நிமிடம் கழித்து இன்னொன்று. "நிறைய வருது" என்று பிரிட்ஜில் சொன்னால் அவர்களால் எதையும் முடிவு செய்ய முடியாது. 10 மீட்டருக்கு 6 மீட்டர் தரையில் ஐந்து நிமிடத்தில் ஒரு சென்டிமீட்டர் ஏறினால் மணிக்கு 7 டன் சொச்சம். அந்த எண்ணைச் சொல்லுங்கள். பம்பின் கொள்ளளவை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இதில் புதியவர்கள் ஏமாறும் இடம், "கதவு நீர்மட்டத்துக்கு மேலேதானே இருக்கிறது" என்ற தைரியம். 32 மீட்டர் அகலக் கப்பல் 5 டிகிரி சாய்ந்தால் சாய்ந்த பக்கம் 1.4 மீட்டர் இறங்கும். கதவின் கீழ் ஓரம் தண்ணீருக்குள் போய்விடும். ஒரு மீட்டர் ஆழத்தில், 5 மில்லிமீட்டர் அகலமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள சந்து போதும், மணிக்கு 50 டன் அளவில் உள்ளே கொட்டும். அதனால் சாய்வு எவ்வளவு என்பதையும் கோட்டின் பக்கத்திலேயே எழுதிக்கொண்டு வாருங்கள்.

பில்ஜ் பம்ப் இழுக்கவில்லை என்றால் முதலில் சக்ஷன் வடிகட்டியைப் பாருங்கள். அட்டைப்பெட்டி ஊறிக் கூழாகி அடைத்திருக்கும். அப்புறம் வால்வு உண்மையில் திறந்ததா என்று தண்டைப் பாருங்கள். பக்கத்து அறைகளுக்கும் ஆள் அனுப்புங்கள்: கேபிள் துளை, ஸ்கப்பர், டாய்லெட் குழாய். 1991 ஆகஸ்டில் தென்னாப்பிரிக்கக் கரையோரம் ஓஷியானோஸ் மூழ்கியபோது, பழுதுக்காகத் தடுப்புச் சுவரில் விட்டிருந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் அடுத்த அறைக்குப் போய், கழிவுக் குழாய்களுக்குள் ஏறி, மேலே டாய்லெட்டிலும் ஷவரிலும் பொங்கி வந்தது. கப்பலில் இருந்த 571 பேரும் பிழைத்தது வேறு கதை.

இரண்டாவது கோட்டைவிட மூன்றாவது கோடு வேகமாக ஏறினால் கருவிகளை அங்கேயே போட்டுவிட்டு வெளியே வந்து உள்கதவை மூடுங்கள். வாக்கிடாக்கி நனைந்தாலும் பரவாயில்லை, எல்லோரும் வெளியே வந்தார்களா என்று தலை எண்ணிவிட்டு மூடுங்கள்.

## அறிகுறி 8: கதவு வளைந்துவிட்டது, பிய்ந்துவிட்டது

இதில் நீங்கள் செய்யும் பழுது ஒன்றும் இல்லை. அந்த அறை கடலுக்குக் கொடுத்தாயிற்று. உள்தடுப்புதான் இப்போது கப்பலின் தோல். கேப்டன் வேகத்தைக் குறைத்து, அந்தப் பக்கத்தை அலைக்கு மறைவாக்கி, கரையில் இருக்கும் கம்பெனி அவசரக் குழுவையும் கிளாஸின் டேமேஜ் ஸ்டெபிலிட்டி (சேதமான கப்பலின் சமநிலை) ஆட்களையும் கூப்பிடுவார். உள்ளே எவ்வளவு தண்ணீர், எந்த அறை, எவ்வளவு சாய்வு என்று அவர்கள் கேட்பார்கள். உங்கள் சாக்பீஸ் எண்கள் அங்கேதான் பயன்படும்.

உங்கள் வேலை உள்தடுப்பைக் காய்ந்த பக்கத்திலிருந்து தாங்குவது. மரக்கட்டை, இரும்புச் சட்டம், ஆப்பு. ஆப்புக்கு மென்மரம்தான் நல்லது, ஊறி இறுகும். கட்டையின் முனை வெறும் தகட்டில் முட்டக் கூடாது. குறுக்கே ஒரு பலகை வைத்து, பின்னால் விலா இரும்பு ஓடும் இடத்தில் முட்டுக்கொடுங்கள். உள்கதவின் ரப்பரோரம் கசிந்தால் அறிகுறி 3-இல் சொன்ன கணக்கு இங்கேயும் பொருந்தும். ஒருவர் அங்கேயே உட்கார்ந்து தகடு உப்புகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நூலைத் தகட்டின் குறுக்கே இழுத்துக் கட்டிவிட்டால் கண்ணை நம்ப வேண்டியதில்லை. உப்பினால் நூல் சொல்லும்.

கரை சேர்ந்ததும் கிளாஸ் சர்வேயர் வந்து பார்க்கும்வரை எதையும் கழற்றாதீர்கள், கழுவாதீர்கள். உடைந்த பின், அறுந்த போல்ட், ரப்பர்த் துண்டு எல்லாவற்றையும் பையில் போட்டு, எந்தக் கிளீட், மேலிருந்து எத்தனையாவது என்று மார்க்கரால் எழுதி வையுங்கள். எங்கள் கப்பலில் அதற்கென்று சமையலறையில் இருந்து வாங்கி வைத்த ஜிப் பைகள் ஒரு கட்டு எப்போதும் டூல் அலமாரியில் இருக்கும். சணல் நூலுக்கும் ஒரு பை போட்டேன். அது இன்னும் அங்கே இருக்கிறதோ என்னவோ.